உள்பக்கத்து டயர்

நவம்பர் 9, சனி

வண்டி வந்துவிட்டது. எங்கள் தெருவில் நிறுத்த இடமில்லாமல் எதிர்த்த காலி மனையில் நிற்கிறது. பக்கத்து வீட்டு ரேவதி மாடியில் துணி காயப்போடும் சாக்கில் நெடுநேரம் நின்று பார்த்தாள். பார்க்கட்டும்.

ஒரு காலத்தில் சினிமா படப்பிடிப்புக்கு வாடகைக்கு ஓடிய கேரவன். உள்ளே ஒரு கட்டில், குட்டி அடுப்பு, கைகழுவும் தொட்டி, கக்கூஸ். சுவரில் பெரிய கண்ணாடி, அதைச் சுற்றிலும் பல்புகள். பாதி எரியவில்லை. எரிகிற பாதியே என் அம்பத்தெட்டு வயதைப் பட்டவர்த்தனமாகக் காட்டப் போதுமானதாக இருக்கிறது.

சென்னையிலிருந்து ஓட்டிவந்த புரோக்கர் ஜெபராஜ் சாவியை என் வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தி கையில் கொடுத்தார். வாங்கினது நான். என் பிஎஃப் பணம். அதனால் இவர் கையிலிருந்து நான் வாங்கிக்கொண்டேன்.

"சார், டயர் எல்லாம் சூப்பர் கண்டிசன். பட்டனைப் பாருங்க, விரலை வுட்டா உள்ள போவுது" என்றார், மறுபடியும் இவரைப் பார்த்தே.

ஈஸ்வரமூர்த்தி கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்தவர். டயரைப் பார்த்துக் கள்ளநோட்டா நல்லநோட்டா என்று யோசிப்பவர்போல் தலையாட்டினார்.

மதுரையிலிருந்து மகன் கௌசிக் போன் செய்தான். "எதுக்கும்மா இது?"

"ஊர் சுத்த."

வைத்துவிட்டான்.

நவம்பர் 10, ஞாயிறு

கட்டிலுக்கு மேலே ஒரு கொக்கி அடித்தோம். பை தொங்கவேண்டும்.

பின்னால் யாராவது படித்தால் புரியவேண்டுமே, அதனால் எழுதுகிறேன். என் இரண்டு சிறுநீரகமும் வேலையை விட்டுவிட்டன. வயிற்றில் ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். ஒரு பை மருந்துத் தண்ணீர் அதன்வழியாக உள்ளே போகும், சில மணி நேரம் வயிற்றில் நின்று அழுக்கை வாங்கிக்கொண்டு வெளியே வரும். பிறகு புதுப் பை. ஒரு நாளைக்கு நாலு தடவை. கதவு ஜன்னல் சாத்தி, ஃபேனை நிறுத்தி, கைகழுவி, மாஸ்க் போட்டுச் செய்யவேண்டும். தூசி போனால் காய்ச்சல், காய்ச்சல் முற்றினால் ஐசியூ. போன வருடம் அதையும் பார்த்தாயிற்று.

பஸ்ஸில் முடியாது, ரயிலில் முடியாது. லாட்ஜ் அறை ஃபேன் இறக்கையைப் பார்த்தாலே எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். சுத்தமான அறை இருக்கிற ஊருக்குத்தான் போகமுடியும் என்றார் டாக்டர். சரி, அறையையே கூட்டிக்கொண்டு போகிறேன்.

நவம்பர் 14, வியாழன்

எங்கள் பெருந்துறையில் நேற்று ராத்திரி நல்ல மழை. காலையில் வண்டியைத் திறந்தால் மெத்தை நனைந்திருக்கிறது. இத்தனை பெரிய கூரையில் ஒழுக வேறு இடமே கிடைக்கவில்லை. நேராகக் கொக்கிக்கு மேலே.

நவம்பர் 15, வெள்ளி

இன்றும் ஒழுகியது. பக்கெட் வைத்தேன்.

நவம்பர் 22, வெள்ளி

மயில்சாமியின் ஒர்க்‌ஷாப்பில் வண்டி. கூரையில் காற்றுப்போக்கி பொருத்திய இடத்தில் ரப்பர் செத்துப்போய்விட்டதாம். கழிவுத் தொட்டியின் வால்வும் கசிகிறது. தண்ணீர் மோட்டார் ஓடுகிறது, ஆனால் தண்ணீர் வருவதில்லை. பேட்டரி ஒரு ராத்திரிக்கு விளக்குப் போட்டாலே படுத்துக்கொள்கிறது.

மயில்சாமியும் என்னிடம் பேசவில்லை. "ஏனுங்க சார், இத வித்துப்போட்டு நல்லதா ஒரு காரு வாங்கிக்கலாமுங்க" என்று இவரிடம் சொன்னார்.

நான் அவருக்கும் இவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். இருபத்தெட்டு வருடம் பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதின உடம்பு இது. இளைத்துவிட்டாலும் மறைக்கத் தெரியும்.

"கார்ல படுக்க முடியுமா மயில்சாமி?"

"முடியாதுங்க டீச்சர்."

"அப்ப கூரையைப் பாருங்க."

பார்த்தார். நல்ல வேலைக்காரர்தான். பழைய பசையை எல்லாம் சுரண்டியெடுத்துவிட்டுப் புது ரப்பர் போட்டார். பைப்பைத் திறந்து கூரையில் அரைமணி நேரம் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். நான் உள்ளே கட்டிலில் மல்லாந்து படுத்து மேலே பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு சொட்டு விழவில்லை. அப்படியே கொஞ்சம் தூங்கிவிட்டேன் என்று இவர் சொல்கிறார். நான் கண்ணைத்தான் மூடியிருந்தேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

இந்தத் தேதியில் எழுத ஒரு கெட்ட விஷயம் இருக்கிறது.

வண்டியைத் துடைக்கும்போது முன்சக்கரத்தின் பக்கச்சுவரில் கோடு கோடாக வெடிப்பு தெரிந்தது. வெயில் காலத்துக் குதிகால்போல. பட்டன் என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது. மண்டியிட்டு செல்போன் வெளிச்சத்தில் சுற்றிலும் பார்த்தேன். ரப்பரில் பொறித்த சின்னக் கட்டத்துக்குள் நாலு எண்: 2416. டயர்க்கடைக்குப் போன் போட்டுக் கேட்டேன். முதல் இரண்டு எண் எந்த வாரம், அடுத்த இரண்டு எந்த வருடம் என்று சொன்னார்கள். அதாவது இந்த டயர் பிறந்து எட்டு வருடம் தாண்டிவிட்டது. அதிகம் ஓடாமல் வெயிலில் நின்றே கிழடாகியிருக்கிறது. பட்டன் தேயாததற்குக் காரணம் அதுதான்.

எழுந்திருக்கச் சிரமமாக இருந்தது. பம்பரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். யாரும் பார்க்கவில்லை.

ஜெபராஜுக்குப் போன் போட்டேன்.

"மேடம், அது மாடல் நம்பர் மேடம்."

"ஜெபராஜ், டயர்க்கடையில கேட்டுட்டேன்."

மாடல் நம்பர் பேச்சை அதோடு விட்டுவிட்டார். பிறகு, "பின்னாடி உள்பக்கம் ரெண்டும் போன வருஷம்தான் மாத்துனது மேடம். சத்தியமா. அது ரெண்டும் புதுசு."

"மத்தது?"

"மத்தது ஓடும் மேடம். நீங்க என்ன லாரியா ஓட்டப் போறீங்க?"

இதற்கு நான் சொன்ன பதிலை எழுதவேண்டாம். என் மாணவிகள் யாராவது படிக்க நேரலாம்.

டிசம்பர் 13, வெள்ளி

முன்னால் இரண்டு, பின்னால் வெளிப்பக்கம் இரண்டு, நாலும் புதிது. ஒவ்வொன்றின் எண்ணையும் நானே படித்துவிட்டுத்தான் மாட்டவிட்டேன். கடைப் பையன்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

பின்னால் ஒவ்வொரு பக்கமும் இரட்டைச் சக்கரம். உள்பக்கத்து இரண்டின் எண் உள்நோக்கித் திரும்பியிருக்கிறது, பார்க்க முடியவில்லை. உள்சக்கரத்து நட்டுகள் துருவேறி இறுகிப்போயிருந்தன. கழற்றினால் போல்ட் உடையலாம், உடைந்தால் பாகம் கோயமுத்தூரிலிருந்து வரவேண்டும், பொங்கல் தாண்டிவிடும் என்றார்கள்.

"பொங்கல் தாண்டட்டும், பொறுத்துக்கலாம் புள்ள" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

கடைக்காரர் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். வெடிப்பு ஒன்றும் தட்டுப்படவில்லை என்றார். போதும், பூட்டுங்கள் என்றேன்.

டிசம்பர் 25, புதன்

லீவுக்குக் கௌசிக் வந்தான். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தான். உள்ளே ஏறவில்லை.

"நடுரோட்டில நின்னுடுச்சுன்னா என்னம்மா பண்ணுவீங்க?"

"நிப்போம்."

"அப்பாவுக்கு அறுபத்திமூணு."

"அவருக்குக் கணக்குத் தெரியும்."

"மதுரைக்கு வந்துருங்க. என் வீட்டில ஒரு ரூம் ரெடி பண்ணித் தரேன். டைல்ஸ் போட்டு, ஏசி போட்டு, எல்லாம் சுத்தமா."

"எத்தனை ஜன்னல்?"

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கும்தான். மத்தியானப் பை மாற்றும் நேரமாகிவிட்டதால் சண்டையை அதோடு நிறுத்திக்கொண்டேன். நான் கைகழுவப் போனதும் அவன் தெருவுக்குப் போய்விட்டான். எப்போதும் அப்படித்தான். குழாயைப் பார்க்க அவனுக்கு அருவருப்பு. போன வருடம் நான் ஐசியூவில் கிடந்தபோதுகூட ஒரே ஒரு முறை உள்ளே வந்தானாம். பிறகு வாசலோடு சரி என்று இவர் சொன்னார். மேலே ஏன் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. பெற்ற பிள்ளைக்கு அருவருப்பு என்றால் அதில் கேட்க என்ன இருக்கிறது.

ஜனவரி 5, ஞாயிறு

தூத்துக்குடியிலிருந்து செல்வின்ராணி பேசினாள். எங்கள் பல்கலைக்கழகக் கபடி அணியின் கேப்டன். பாட்டியான பிறகும் குரல் மட்டும் அதே மைதானக் குரல்.

"ஏட்டி பூங்கோதை, மணப்பாட்டுல எங்க மாமா வீடு கடற்கரையை ஒட்டி இருக்கு. பத்தொன்பதாந்தேதி எல்லாரும் வாராளுவ. நீ வருவியா மாட்டியா?"

"வர்றேன்."

"போன வருசமும் இதத்தான் சொன்ன."

"போன வருசம் ஐசியூல இருந்தேன்."

"அது தெரியும். இந்த வருசம் சாக்கு என்ன?"

வருகிறவர்கள் என்னைச் சேர்த்து ஆறு பேர். நான் போகாவிட்டால் ஐந்து, பக்கத்துக்குச் சமமாகப் பிரிக்க முடியாது என்றாள். நீ நடுவராக இரு என்று சொல்லவில்லை. ஓரமாக உட்கார்ந்து பார் என்றும் சொல்லவில்லை. நோய் வந்த பிறகு என்னிடம் இப்படிப் பேசியவள் இவள் ஒருத்திதான்.

வண்டி வாங்கியது இதற்காகத்தான். கௌசிக்கிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பான். இல்லாவிட்டால் அழுவான். இரண்டுமே வேண்டாம்.

ஜனவரி 17, வெள்ளி

கிளம்பிவிட்டோம். கரூர் தாண்டித் திண்டுக்கல்லுக்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்கில் இடம் கேட்டு நிறுத்தியிருக்கிறோம். இவர் ஐம்பதைத் தாண்டி ஓட்டவில்லை. டிராக்டர்கூட முந்திப் போனது.

மாலைப் பை வண்டியிலேயே. கொக்கி அசையவில்லை. தண்ணீர் வந்தது, மோட்டார் ஓடியது, கூரை காய்ந்திருக்கிறது. வெளியே லாரிகள் போய்க்கொண்டிருக்க, கண்ணாடியைச் சுற்றிலும் பல்புகள் எரிய, ஒரு நடிகைபோல உட்கார்ந்து வயிற்றிலிருந்து தண்ணீரை இறக்கிக்கொண்டிருந்தேன். பை தெளிவாக இருந்தது. கலங்கினால்தான் பயம்.

ஈஸ்வரமூர்த்தி உப்பில்லாத உப்புமா கிண்டினார். குறையொன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன்.

ஜனவரி 18, சனி

மதுரையைப் பைபாஸில் தாண்டினோம். கௌசிக் வீட்டுக்குப் போகவில்லை. போனால் விடமாட்டான்.

பந்தல்குடி தாண்டியதும் வெடித்தது.

வெடித்தது என்றால் வெடித்ததுதான். முதலில் குண்டு போட்டதுபோல் ஒரு சத்தம். பிறகு தரைக்கு அடியில் யாரோ சவுக்கால் அடிப்பதுபோல் அடுத்தடுத்து அடி. வண்டி இடது பக்கம் இழுத்தது. இவர் பிரேக்கை மிதிக்கவில்லை. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, மெல்ல மெல்ல ஓரங்கட்டி நிறுத்தினார். ஐம்பதில் ஓட்டுகிறவரைக் கேலி செய்ததற்கு அங்கேயே மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். அவரிடம் சொல்லவில்லை.

இறங்கிப் பார்த்தோம். பின் இடது உள்பக்கத்து டயர். நார் நாராகக் கிழிந்து தொங்கியது. கிழிந்த துண்டு சுழன்று அடித்ததில் கழிவுத் தொட்டிக்குப் போகும் குழாயும் போய்விட்டது. குனிந்து டயர்த் துண்டைப் புரட்டினேன். 2416. ஜெபராஜின் சத்தியம்.

வெளி டயர் ஒன்றே அந்தப் பக்கத்து மொத்தப் பாரத்தையும் தாங்கிக்கொண்டிருந்தது. ஓட்டக்கூடாது. ஸ்டெப்னியும் அதே வருடத்துக் கிழம்.

மத்தியானப் பைக்கு நேரமாகிவிட்டது. நெடுஞ்சாலை ரோந்து வண்டி வந்து நின்றது. இளவயதுக் காவலர்.

"அம்மா, இங்க நிப்பாட்டக் கூடாதும்மா. கிரேன் வரச் சொல்லவா?"

"வரச் சொல்லுங்க. ஆனா அரைமணி நேரத்துக்கு வண்டிய அசைக்கக் கூடாது, கதவத் தட்டக் கூடாது."

"ஏம்மா?"

சேலையை விலக்கி இடுப்புப் பட்டையில் செருகியிருந்த குழாயின் முனையைக் காட்டினேன். அவர் வண்டிக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் சிவப்புக் கூம்புகளை வரிசையாக வைத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டார்.

ஜன்னல் சாத்தி, ஃபேன் நிறுத்தி உட்கார்ந்தேன். அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி. ஒவ்வொரு லாரி போகும்போதும் வண்டி ஆடியது, கொக்கியில் பை ஆடியது. நெற்றி வியர்வை மாஸ்க்குக்குள் இறங்கியது. குழாய் முனையில் மட்டும் விரல் படக் கூடாது. படவில்லை. பழைய தண்ணீர் இறங்கி முடிந்து புதுப் பை ஏறத் தொடங்கியபோது வெளியே பேச்சுக்குரல். கௌசிக். இவர் எனக்குத் தெரியாமல் போன் செய்திருக்கிறார். ஆளும் பறந்து வந்திருக்கிறான்.

"அம்மா, கதவத் திற. கார் கொண்டாந்திருக்கேன். வா, வீட்டுக்குப் போலாம்."

"பை ஏறுது. முடியாது."

"அம்மா."

"வர்றதுன்னா மாஸ்க் போட்டுக்க. படிப் பக்கத்தில சானிடைசர் இருக்கு, கையைத் துடைச்சுட்டு வந்து சோப்புப் போட்டுக் கழுவு. முடியாட்டி வெளியில நில்லு."

நிற்பான் என்றுதான் நினைத்தேன். கதவு திறந்து உடனே சாத்திக்கொண்டது. தொட்டியில் நெடுநேரம் கைகழுவினான். பிறகு திரும்பி, முதல்முறையாக, பையையும் குழாயையும் அது போய்ச் சேரும் இடத்தையும் பார்த்தான். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது.

"அருவருப்பா இருந்தா அந்தப் பக்கம் திரும்பிக்க" என்றேன்.

"அருவருப்பா? யாரு சொன்னது?"

"நீ ஒரு நாளாவது பக்கத்தில நின்னிருக்கியா?"

அவன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான். பிறகு சொன்னான்.

"போன வருசம் ஐசியூக்குள்ள வந்தேன். உனக்குக் காய்ச்சல் உச்சத்தில இருந்துச்சு. என்னைப் பார்த்து, நீ யாருன்னு கேட்ட. கௌசிக்மான்னு சொன்னேன். பொய் சொல்றான், இவனை வெளிய அனுப்புங்கன்னு கத்தின. நர்ஸ் வந்து என்னை வெளிய போகச் சொன்னாங்க. அதுக்கப்புறம் உள்ள வர முடியலம்மா. இந்தக் குழாயைப் பார்த்தாலே மறுபடி அந்த மாதிரி ஆயிடுமோன்னு இருக்கு."

எனக்கு அப்படி ஒன்றும் நினைவில்லை. எவ்வளவு தேடிப் பார்த்தும் இல்லை. இவர் ஒரு வருடமாக இதை என்னிடம் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்.

பை ஏறி முடிந்தது. குழாயை மூடி, புது மூடியைத் திருகினேன். மாஸ்க்கைக் கழற்றினேன்.

"இப்பத் தெரியுது. கௌசிக். என் மகன். பிடிவாதக்காரன். இந்தா, இந்தப் பழைய பையை வெளிச்சத்தில பிடிச்சுப் பாரு. கலங்கியிருக்கா?"

இரண்டு கையாலும் வாங்கினான். கண்ணாடியைச் சுற்றிய பல்புகளின் முன்னால் தூக்கிப் பிடித்தான். மெதுவாக, அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தான்.

"தெளிவா இருக்கும்மா."

"அப்ப நான் நல்லாருக்கேன். கக்கூஸ் குழாய் உடைஞ்சுபோச்சு. கொண்டுபோய் அந்தச் சீமைக்கருவேலங்காட்டில தள்ளி ஊத்திட்டு வா."

கொண்டுபோனான். முள்ளுக்குள் வெகுதூரம் போய் ஊற்றிவிட்டு வந்தான். வந்ததும் பழைய பாட்டைத் தொடங்கினான்: கார் நிற்கிறது, மதுரைக்குப் போகலாம், வண்டியைக் கிரேன் இழுத்துவரட்டும்.

"நாளைக்குக் காலையில மணப்பாட்டில எனக்குக் கபடி மேட்ச் இருக்கு" என்றேன்.

சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. அப்பாவைப் பார்த்தான். ஈஸ்வரமூர்த்தி, "நானும் மொதல்ல அப்படித்தான் நின்னேன் தம்பி. டயர் வாங்கிட்டு வா" என்றார்.

அருப்புக்கோட்டைக்குத் திரும்பிப் போனான். முதல் இரண்டு கடையில் அந்த அளவு இல்லை. மூன்றாவது கடையில் இருந்திருக்கிறது. ஒன்றல்ல, உள்பக்கத்துக்கு இரண்டு, ஸ்டெப்னிக்கு ஒன்று. கடைக்காரர் முத்துக்காளையையும் நீளக் கம்பியோடு காரில் ஏற்றிக்கொண்டு வந்தான். துருவேறிய நட்டுகளை அசைக்க முத்துக்காளை, கௌசிக், அந்த இளவயதுக் காவலர், மூன்று பேரும் மாறி மாறி ஏறி மிதித்தார்கள். ஒரு போல்ட் உடையத்தான் செய்தது. முத்துக்காளை கைவசம் வைத்திருந்தார்.

வலது உள் டயரையும் கழற்றச் சொன்னேன். 2416. வெடிக்காமல், வெடிக்கிற நாளைப் பார்த்துக்கொண்டு இருந்தது.

"எப்படிம்மா இதுல இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றார் முத்துக்காளை.

"மெதுவா" என்றார் என் வீட்டுக்காரர்.

மாட்டுவதற்கு முன் கௌசிக் தானே குனிந்து புது டயர்களின் எண்ணை ஒவ்வொன்றாக உரக்க வாசித்தான். எல்லாம் போன வருடக் கடைசி. நான் தலையசைத்த பிறகுதான் மாட்டவிட்டான். காரை முத்துக்காளையின் கடையிலேயே விடச் சொல்லிவிட்டு வண்டியை அவனே ஓட்டினான். அவன் எழுபதில் ஓட்டினான். இவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, மெல்ல, மெல்ல என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

ஜனவரி 19, ஞாயிறு

மணப்பாடு. வீட்டை அடுத்து மணல், மணலை அடுத்துக் கடல்.

காலைப் பையை இறக்கியதும் புதியதை உடனே ஏற்றவில்லை. வயிறு காலியாக இருக்கும்போது கொஞ்சம் ஓடலாம் என்று டாக்டரிடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. குழாயைப் பட்டைக்குள் இறுக்கிச் செருகி, சுடிதாருக்கு மேல் துப்பட்டாவைக் குறுக்கே கட்டினேன்.

பக்கத்துக்கு மூன்று பேர். எல்லோருக்கும் முட்டிவலி. ஈரமணலில் குச்சியால் கோடு கிழித்தார்கள். இவர்தான் நடுவர், கழுத்தில் என் விசில்.

என் முறை வந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு பாடிப் போனேன். கபடி கபடி கபடி. மூன்று பேரும் பின்வாங்கினார்கள். ஒருத்தியும் கையை நீட்டவில்லை. கண்ணாடிப் பாத்திரத்தைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு வந்த கோபத்தில் மூச்சைப் பற்றிக் கவலைப்படாமல் பாட்டை நிறுத்தினேன்.

"பிடிக்கிறதுக்குத்தானடி வந்திருக்கேன். இப்படி நிக்கறதுக்கு என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

பாட்டு நின்றால் அவுட்தான். செல்வின்ராணி இன்னொரு முறை போகச் சொன்னாள். இந்த முறை நான் அவள் பக்கம் நெருங்கியதும் அவள் பாய்ந்தாள். வயிற்றுப் பக்கம் வரவில்லை. மணிக்கட்டைப் பிடித்தாள். இரும்புப் பிடி, இருபது வயதில் பிடித்த அதே பிடி. நான் பாடிக்கொண்டே இழுத்தேன். மணலில் கால் வழுக்கியது, முட்டி போட்டு விழுந்தேன், கபடி கபடி, அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நடுக்கோட்டை நோக்கிக் கையை நீட்டினேன். அங்கே மூச்சு முடிந்தது.

விசில் ஊதினார். "அவுட்."

"கோட்டைத் தொட்டேன்."

"தொடல புள்ள. ஒரு சாண் இருந்துச்சு."

"அலை வந்து கோடு அழிஞ்சிருக்கு. நீங்க எதைப் பார்த்தீங்க?"

கௌசிக்கைக் கேட்டார்கள். அவன் மூச்சிரைக்க ஓடிவந்து என் பக்கத்தில் மண்டியிட்டிருந்தான். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் கையைக் கவனிக்கவில்லை என்றான். செல்வின்ராணி இன்னும் மணிக்கட்டை விடவில்லை. சிவந்து வீங்கிவிட்டது. ராத்திரி சாப்பிடும்வரை இதே சண்டை. ஐந்து பேரும் என் வீட்டுக்காரரும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

என் நடுவிரல் நுனி கோட்டைத் தொட்டது.